அமுதா ப்ரஷர் நோட்டு

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். மேகம் இறங்கினு கீது, பெய்ய மாட்டேங்குது.

நர்சம்மா எழுதச் சொல்லிச்சி. காலைல ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா, அமுதாவோட ப்ரஷர. அதுக்குன்னு நோட்டு வாங்கல. மாப்ள கம்பெனில குடுத்த டைரி சும்மா கெடந்திச்சி. நம்பர் எழுதினா பக்கமே காலியா கீது. மீதியில நம்ம வாய்க்கொழுப்ப எழுதலாம். எட்டாங்கிளாஸ் கையெழுத்து, எவனும் படிக்க மாட்டான்.

கா. 138/88
சா. 142/90

மிஷின் என்னுது. எனக்கும் ப்ரஷர் கீது, பத்து வருசமா. இப்போ அப்பனும் பொண்ணும் ஒரே பட்டைய மாத்தி மாத்தி கட்டினு குந்திக்கீறோம். எனக்கு 130. நான் பாஸு, நீ பெயிலுன்னேன். சிரிச்சா. முழுசா சிரிக்கல.

எட்டாம் மாசம். போன மாசம் வளகாப்பு முடிச்சி தலப்பிரசவத்துக்கு இங்க கோவில்பதாகைக்கு இட்டாந்தேன். அவ அம்மா செத்து பதிமூணு வருசம். பொம்பள இல்லாத ஊட்டுக்கு இன்னாத்துக்குன்னு திருநெல்வேலிலருந்து சம்பந்தியம்மா போன்ல கேட்டாங்க. எனக்கு எல்லாம் சமைக்கத் தெரியும்னேன். தெரியும். ரசம் தவுர.

நர்சம்மா கேள்வி. ரத்தத்துக்குக் குடுத்த சிவப்பு மாத்திர போட்றியா, சுண்ணாம்பு சத்துக்குக் குடுத்த வெள்ள மாத்திர போட்றியா, ரெண்டையும் ஒண்ணா சேத்துப் போடலியே? அமுதா எல்லாத்துக்கும் தலயாட்டிச்சி. நடுவுல நான் பூந்து, என் ப்ரஷர் மாத்திரையில பாதி ஒடச்சி அவளுக்குக் குடுத்தா இன்னான்னு கேட்டேன். நர்சம்மா கைய ஓங்கிட்டா. "பெரியவரே, அத்த அவ கண்ணுல கூட காட்டாத. வயித்துல கீற புள்ளைக்கு ஆவாது."

வெளையாட்டுக்குத்தான் கேட்டேன். பாதி வெளையாட்டு.


ஜூலை 8, செவ்வாய்

கா. 140/90
சா. 140/92

வாங்கணும்: முட்ட, முருங்கக் கீர, எள்ளு, மிஷினுக்கு பேட்டரி, எனக்கு மூட்டு தைலம்.

ஊறுகா, அப்பளம் ரெண்டும் கட். அமுதா பழைய ஊறுகா பாட்டில மோந்து பாத்துட்டு மூடி வச்சிச்சி. பாவமா இருந்திச்சி.

மாப்ள போன். செந்தில். பூந்தமல்லி ஃப்ளாட்ல தனியா கீறான், கம்ப்யூட்டர் கம்பெனி வேல. ராவும் பகலும் போன்ல எதையாவது படிச்சிட்டு பயந்துக்கறது. இன்னிக்கு படிச்சது இன்னான்னா, ரத்தத்துல ஜிங்க், காப்பர், மெக்னீசியம், இன்னும் ஏதோ ஒண்ணு (செலினியமாம்) கொறஞ்சா மாசமா கீற பொம்பளைங்களுக்கு ப்ரஷர் வரலாம்னு போட்டுக்கீறானாம். வரலாம், வராமயும் போலாம், இன்னும் ஆராய்ச்சி பண்றாங்களாம். அப்புறம் இன்னாத்துக்குடா போட்ட?

"அமுதாவுக்கு ஜிங்க் கம்மியா இருக்குமோ மாமா?"

யார்கிட்ட கேக்கறான்? அம்பத்தூர் எஸ்டேட்ல முலாம் போட்ற ஷாப்புல முப்பத்தோரு வருசம் நானு. போல்ட்டு, நட்டு, கதவு கீலு, எல்லாம் என் கைல முங்கி எந்திரிச்சது. ஜிங்க் தொட்டி, காப்பர் தொட்டி, நிக்கல் தொட்டி. ரிட்டையர் ஆகி ஒம்போது வருசம் கழிச்சும் நகத்துல அந்தக் கற போவல. "மாப்ள, கவலப்படாத. அவளத் தொட்டில எறக்கி இருவது நிமிசம் கரண்ட்டு உட்டா பளபளன்னு வந்துடுவா, துருவும் புடிக்காது"ன்னேன்.

"வெளாடாதீய மாமா."

குரல் ஒரு மாதிரி ஆயிடிச்சி அவனுக்கு.


ஜூலை 10, வியாழன்

நேத்து எழுதல. கரண்ட்டு கட், கொசு, வெறுப்பு.

கா. 144/94
சா. 148/96

ஜுலேகா வந்திச்சி, பக்கத்து ஊட்டு டெய்லரு. பொறந்தது கரையான்சாவடி, கட்டிக் குடுத்தது இங்க. அமுதாவுக்கு லூசா நைட்டி தைக்க அளவெடுக்க வந்தவ, டேப்ப கீழ போட்டுட்டு கையப் புடிச்சிக்கினா. வளகாப்பு கண்ணாடி வளையல். அன்னிக்கு முழங்கை வரைக்கும் கலகலன்னு உருண்டுகினு இருந்தது. இன்னிக்கு ஒண்ணு கூட அசையல, சதையில பதிஞ்சி கீது. நான் தெனம் பாக்குறேன். பொண்ணு பூசினாப்ல கீறான்னு சந்தோசப்பட்டுகினு இருந்தேன், பூரி மாதிரி உப்பிட்டன்னு கிண்டல் வேற.

"அண்ணே, இது சத இல்ல. தண்ணி"ன்னு சொல்லிச்சி ஜுலேகா.

அதோட தங்கச்சிக்கும் இப்டித்தான் கை கால் வீங்கி, பிரசவத்தப்ப வலிப்பு வந்துடிச்சாம். அப்புறம் இன்னா ஆச்சின்னு அமுதா கேட்டா. ஜுலேகா டேப்ப சுத்த ஆரம்பிச்சிடிச்சி.

நர்சம்மாவுக்கு போன் போட்டு நம்பர் சொன்னேன். காலைல மொத வேலையா இட்டுனு வா, தலவலி வந்தா காலை வரைக்கும் கூட காத்திருக்காதன்னு சொல்லிச்சி.


ஜூலை 11, வெள்ளி

எந்திரிச்சதும் அமுதா, "நைனா, கண்ணுல பூச்சி பூச்சியா பறக்குது."

தலவலியும். மிஷின் 156/104. இன்னொரு தபா கட்டினேன், மிஷின் பொய் சொல்லுதான்னு. 158. அது பொய் சொல்லல.

ஆட்டோ. நர்சம்மா ஒண்ணுக்குல ஒரு குச்சிய முக்கிப் பாத்திச்சி, குச்சி கலர் மாறிச்சி. ப்ரோட்டீன் ஒழுவுதாம். இங்க வச்சிக்க முடியாது, டவுன் பெரிய ஆஸ்பத்திரின்னு ஆம்புலன்ஸ வரவச்சிடிச்சி. வண்டியில நான் அமுதா காலப் புடிச்சிகினு. கால்ல வெரல வச்சி அழுத்தினா குழி. குழி மேல வர நேரம் எடுக்குது. மாவு பெசையறப்ப பாக்கற மாதிரி. எதுவும் ஜோக்கு வரல.

வார்டுல மொத சண்ட வளையலுக்கு. கைல ஊசி ஏத்தணும், பட்ட கட்டணும், வளையல எடுங்கன்னு சிஸ்டர். புள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாது, சாங்கியம்னு அமுதா அழுவுறா. கூட வந்த ஜுலேகாதான் சமாளிச்சிச்சி. ஒரு பிளாஸ்டிக் கவர கை மேல சொருவி, சோப்பு தண்ணி ஊத்தி, ஒண்ணொண்ணா வழிச்சி எடுத்திச்சி. பதினேழு வந்துச்சி. நாலு ஒடஞ்சிச்சி. ஒடஞ்ச நாலையும் அமுதா கண்ணுல படாம ஜுலேகா முந்தானையில முடிஞ்சிக்கினா.

ஆம்பளைங்க வார்டுல தங்கக் கூடாது. ஜுலேகா உள்ள. நான் வெளிய ஷெட்டுல. மாப்ள பத்து மணிக்கு வந்தான், கழுத்துல கம்பெனி அட்டையோட, அத்தக் கழட்டக் கூட தோணல அவனுக்கு.

டாக்டரம்மா சொன்னது (ஞாபகத்துக்கு): ப்ரஷர் எறக்க மாத்திர. புள்ள வளர இன்னும் நாள் வேணும், எத்தினி நாள் இழுக்க முடியுமோ இழுப்போம். ப்ரஷர் ஏறிகினே போனா புள்ளைய எடுக்கறதுதான் வைத்தியம், வேற வைத்தியம் கெடையாது. நுரையீரல் பலத்துக்கு புள்ளைக்கு ஊசி, அமுதா தொடையில போட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஆபத்தான்னு மாப்ள கேட்டான். ரெண்டு பேருக்கும்தான், அதான் இங்க வச்சி பாத்துனு கீறோம்னாங்க.


ஜூலை 12, சனி

ஷெட்டுல குந்தி குந்தி இடுப்பு செத்துப் போச்சி. டீ நல்லா இல்ல.

கா. 150/100 (சிஸ்டர் சொன்னது)

பாக்கற நேரத்துல உள்ள போனேன். அங்க ஒரு பொண்ணு, படிக்கிற டாக்டர், கண்ணாடி போட்டுகினு, அட்டையில பேப்பர் சொருவி. ஆராய்ச்சி பண்ணுதாம். ப்ரஷர் வந்த மாசக்காரிங்க ரத்தத்துலயும், வராதவங்க ரத்தத்துலயும் ஜிங்க், காப்பர், மெக்னீசியம், செலினியம் எவ்ளோ கீதுன்னு அளந்து பாக்கப் போவுதாம். மாப்ள படிச்ச அதே சமாச்சாரம். ரத்தம் எப்டியும் எடுக்கறாங்க, கூட ஒரு டியூப் எடுக்கலாமா, இஷ்டம் இல்லன்னா வாணாம்னு கேட்டுச்சி. அமுதா கையெழுத்து போட்டா.

இத்தினி சின்ன டியூப்ல ஜிங்க்கு தெரியுமான்னு கேட்டேன். ஒரு அண்டா சோத்துல ஒரு உப்புக்கல்லு போட்டா எவ்ளோவோ, அதவிட கம்மி, ஆனா அது இல்லன்னா ஒடம்பு ஓடாதுன்னு சொல்லிச்சி. அப்போ என் நகத்த சுரண்டி கொஞ்சம் எடுத்துக்க தாயி, முப்பத்தோரு வருச ஜிங்க்கு கீதுன்னேன். சிரிச்சிச்சி. பக்கத்து பெட்டு பொண்ணும் சிரிச்சிச்சி. எனக்கு ஒரு தெம்பு.

அப்பால பேப்பர் பாத்து கேள்வி. வயசு 27. மொத புள்ள. கறி மீன் சாப்டுவாங்களா. ரத்த மாத்திர ஒழுங்கா போட்டாங்களா. கால்சியம் மாத்திர ஒழுங்கா போட்டாங்களா.

அமுதாவுக்கு தலவலி, கண்ண மூடினு கீறா. நான்தான் பதில். "ஒண்ணு உடாம. தெனம் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்ததே நான்தான்."

டிக் போட்டுச்சி.


ஜூலை 13, ஞாயிறு

152/100. ஒண்ணும் இல்ல எழுத.


ஜூலை 14, திங்கள்

காலைல தூறல். ஆவடி ட்ரெய்ன்ல குந்த எடம் கெடச்சிது, அதிசயம்.

ஊட்டுக்கு வந்தது அமுதாவுக்கு துணி எடுக்க. லிஸ்ட்டு ஜுலேகா சொன்னது: நைட்டி 3, பழைய வேட்டி கிழிச்சது, துண்டு, ஃபிளாஸ்க், ஸ்வெட்டர் (ராவுல ஃபேன் காத்து குளுருதாம்). ஸ்வெட்டர் எங்கன்னு தெரியாம அவ பீரோவக் கொடஞ்சேன். அடித்தட்டுல பழைய காலேஜ் பேக். கனமா இருந்திச்சி.

உள்ள வெள்ள மாத்திர. அட்ட அட்டயா. ரப்பர் பேண்டு போட்டு கட்டி. ரெண்டே ரெண்டு அட்டையிலதான் ஒண்ணு ரெண்டு குழி காலி. மீதி எல்லாம் வாங்கின மாதிரியே.

சிவப்பு மாத்திர அட்ட தேடினேன். அது எல்லாம் காலி, ஜன்னல்ல கெடந்திச்சி. அத்த போட்டுக்கீறா. வெள்ளைய மட்டும் போடல.

கட்டில்ல குந்திட்டேன்.

வளகாப்புக்கு மறுநாள். நர்சம்மா வெள்ள மாத்திர புது அட்டைங்க குடுத்துட்டுப் போனா. அமுதா ஒண்ண எடுத்து சுத்திப் பாக்கறா, இவ்ளோ பெருசான்னு. நான் சும்மா கெடந்தா ஆவாதா? "போடு போடு. எலும்புக்கு சிமெண்ட்டு அது. உள்ள கீறதுக்கு மண்டை இறுகி என் மண்டை மாதிரி ஆயிடும். அப்பால வெளிய வராது, கத்தி வச்சித்தான் எடுக்கணும்." அன்னிக்கு கூட ஜுலேகா, மாப்ள, எல்லாரும் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மாப்ள கூட.

இந்தப் பேச்ச நான் கண்டுபுடிக்கல. தெருவுல பாதி பேரு நெசமாவே சொல்றதுதான். மாத்திர தின்னா புள்ள பெருசாயிடும், ஆபரேசன் ஆயிடும்னு. நான் அவங்கள நக்கல் பண்ணத்தான் அப்டி சொன்னேன். நக்கல்னு அவளுக்குத் தெரிஞ்சிதா?

சொம்புல தண்ணி குடுத்தது நெசம். குடுத்துட்டு டிவி பாக்கப் போயிட்டேன்.

ஸ்வெட்டர் கெடைக்கல. பேக்க அப்டியே எடுத்துகினு வந்துட்டேன். ட்ரெய்ன்ல மடியில வச்சினு.


ஜூலை 15, செவ்வாய்

160/106. மாத்திர கூட்டிக்கீறாங்க.

படிக்கிற டாக்டர் பொண்ண தேடினேன். லேப் வாசல்ல ஒண்ணேகால் மணி நேரம். வந்திச்சி. தாத்தா இன்னான்னு கேட்டுச்சி. பேக்க தொறந்து காட்டினேன். "நான் சொன்னது தப்பு தாயி. கால்சியம் போடல அவ. அந்த டிக்க அடிச்சிடு."

அட்டைங்கள ஒண்ணொண்ணாப் பொரட்டிப் பாத்துச்சி. திட்டும்னு நெனச்சேன், திட்டல. பேப்பர எடுத்து, கோடு போட்டு, பக்கத்துல எழுதி, தேதி போட்டுச்சி. நீங்க வந்து சொன்னது நல்லது, இல்லன்னா எங்க முடிவும் தப்பாப் போயிருக்கும்னு சொல்லிச்சி. பெரிய டாக்டர்கிட்டயும் நானே சொல்றேன், அவங்க கேஸ் ஷீட்டுல எழுதணும்னுச்சி.

கேட்டுட்டேன். "இதனாலதான் வந்துச்சா?"

"தெரியாது தாத்தா. சாப்பாட்டுல கால்சியம் கம்மியா இருக்கறவங்களுக்கு அந்த மாத்திரை இந்த ப்ரஷர் வர வாய்ப்ப குறைக்குது. ஆனா ஒழுங்கா போட்டவங்களுக்கும் வருது. போடாதவங்க நிறைய பேருக்கு வரவே இல்ல. உங்க பொண்ணுக்கு எதனால வந்துச்சின்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

ஜிங்க்கு?

அதுவும் தெரியாது, அதுக்குத்தான் இந்த டியூப் எல்லாம்னு சொல்லிச்சி. ரிசல்ட்டு வர நாளாகும். வந்தாலும் உங்க பொண்ணுக்கு உதவாது, பின்னாடி வர்றவங்களுக்குத்தான்.

தெரியாதுன்னு சொன்ன டாக்டர மொத தபா பாக்குறேன். தெரியும்னு சொல்லியிருந்தா தேவல. ஆமாவோ இல்லியோ, ஏதோ ஒண்ணு.

அமுதாகிட்ட இத்தப் பத்தி பேசலாமான்னு கேட்டேன். இப்போ வாணாம், அவங்க மனசு கலங்கக் கூடாதுன்னுச்சி. சரின்னுட்டேன். மாப்ளகிட்டயும் சொல்லல. பேக்கு என் காலடியில. அவன் ஒரு தபா அத்த தலைக்கு வச்சி படுத்துக்கட்டுமான்னு கேட்டான். வாணாம்னேன்.


ஜூலை 16, புதன்

காலைல 174/112. மறுபடி கண்ணுல பூச்சி. மேல்வயித்துல வலி. டாக்டரம்மா நாலு பேரு கூடிட்டாங்க. இனிமே இழுக்க முடியாதாம்.

மெக்னீசியம் ஏத்தினாங்க, வலிப்பு வராம இருக்க. கைல ஒண்ணு, இடுப்புல ரெண்டு பக்கமும். ஜுலேகா வந்து சொல்லிச்சி, ஊசி போட்டதும் ஒடம்பெல்லாம் நெருப்பா எரியுதுன்னு கத்தினாளாம். அளவு தாண்டிடக் கூடாதுன்னு ஒரு நர்சு சுத்தியால முட்டியத் தட்டி தட்டிப் பாக்குதாம். அதுவும் உப்புதான், மெக்னீசியம். ஷாப்புல மூட்ட மூட்டையா தூக்கியிருக்கேன். உப்பு கூடாதுன்னு ஊறுகாய புடுங்கி வச்சேன், இங்க உப்பையே ஊசில ஏத்துறாங்க. இத்த அமுதாகிட்ட சொன்னா சிரிப்பா. சொல்ல எங்க உட்டாங்க.

ஸ்ட்ரெச்சர்ல இட்டுனு போறப்ப அஞ்சி செகண்டு. மூஞ்சி வீங்கி கண்ணு சின்னதா. என்னப் பாத்தா. பேக்கு என் கைல. வாயத் தொறந்தேன். மாப்ள குறுக்க வந்து அவ நெத்தியத் தொட்டான். கதவு சாத்திட்டாங்க.

நான் சொல்றதுக்கு முன்னாடியே அவ போயிட்டா?

11.40. பொண் புள்ள. ஒரு கிலோ அறநூறு. அழுதிச்சாம், சன்னமா. நேரா பச்சப்புள்ளைங்க வார்டுக்கு. வாசல்ல மாப்ளைக்கு ஒரு நொடி காட்டினாங்க, துணி சுத்தி. வந்து என் தோள் மேல சாஞ்சிட்டான். அவன் ஊருப்பக்கம் மாமனார் மேல சாயற பழக்கம் உண்டான்னு கேட்டேன். அழுதுகினே சிரிச்சான், கிறுக்குப் பய மாதிரி.

அமுதாவுக்கு ப்ரஷர் எறங்கல.


ஜூலை 18, வெள்ளி

ஆடி பொறந்து மொத வெள்ளி. எதிர் தெருவுல மைக் செட்டு. அம்மன் பாட்டு ஆஸ்பத்திரி வரைக்கும். காது போச்சி.

கா. 158/100
சா. 156/102

பெட்ட உட்டு எறங்கக் கூடாது. புள்ள மாடியில, இவ கீழ. மெக்னீசியம் நிறுத்தியாச்சி, ஒண்ணுக்குப் பை இன்னும் கீது. மார்ல பால் கட்டி கெடக்குது, குடிக்க புள்ள பக்கத்துல இல்ல.

டாக்டரம்மாவக் கேட்டுகினேன், இப்போ பேசலாமான்னு. பேசுங்க, மெதுவான்னாங்க. பாக்கற நேரம். ஜுலேகாவ வெளிய அனுப்பிட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு குந்தினேன். எங்க ஆரம்பிக்கிறது. பேக்க மடியில வச்சேன். பாத்ததும் அவளுக்குப் புரிஞ்சி போச்சி.

"நான் சொன்ன பேச்சாலதான் போடாம உட்டியா? மண்டை பெருசாயிடும்னு சொன்னேனே."

மூஞ்சிய ஃபேன் பக்கம் திருப்பிக்கினா.

"உன் பேச்ச எவன் கேட்டான் நைனா." குரலே இல்ல. "முழுங்க முடியல. சாக்பீஸு மாதிரி தொண்டையில நிக்கும், வாந்தி வரும். சொன்னா நர்சம்மா திட்டும். அதான் ஒளிச்சேன்."

நெசமா?

"நெசம்தான். போய் டீ குடி."

போனேன். குடிச்சேன். என்ன காப்பாத்தத்தான் அப்டி சொன்னாளா? சின்னப்புள்ளையிலருந்து அவளுக்கு அந்தப் புத்தி கீது. நான் கிளாஸ ஒடச்சாலும் பூனன்னு சொல்லுவா, அவ அம்மாகிட்ட. நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. இன்னொரு டீ.


ஜூலை 19, சனி

மழை. ஷெட்டு ஒழுவுது. முதுகு நனஞ்சி போச்சி.

கா. 164/104. எறங்க வேண்டியது ஏறுது. டாக்டரம்மாவுக்கு கோவம். யாரு அவங்கள அழ வச்சதுன்னு எல்லாரையும் கேக்கறாங்க. நான்தானோன்னு நெனச்சேன். இல்ல. ஜுலேகா சொன்ன பிற்பாடுதான் தெரிஞ்சிது. புள்ள செத்துடிச்சின்னு நெனச்சினு கீறா அமுதா. அவ மனசு கலங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால எல்லாரும் மறைக்கிறோமாம். மாப்ள நல்லாருக்குன்னு சொன்னான், நம்பல. ஜுலேகா அல்லா மேல ஆணைன்னு சொல்லிச்சி, நீ பாத்தியான்னு கேட்டா. ஜுலேகா பாக்கல. அதோட முடிஞ்சிது.

போட்டோ எடுக்க உட மாட்டேங்கறாங்க அந்த வார்டுல.

மாப்ள அவன் அம்மா அப்பாவ இட்டாற எழும்பூர் ஸ்டேஷன் போய்ட்டான். ஜுலேகா குளிச்சி மாத்த ஊட்டுக்கு. அந்த நேரம் பாத்து மைக்ல "அமுதா அட்டெண்டர், மாடிக்கு வாங்க." முட்டி வலியோட மூணு மாடி. எதுக்குக் கூப்ட்றாங்கன்னு தெரியாம ஏர்ற படி இருக்கே.

டையப்பர் வாங்கியாறச் சொல்லத்தான். அடப்பாவிங்களா.

கீழ எறங்கி, வாங்கி, மறுபடி மூணு மாடி. குடுத்துட்டு நகரல நான். ஒரு தபா காட்டு தாயின்னு நின்னேன். அந்த நர்சு நல்ல பொண்ணு, கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பெட்டிய தள்ளிகினு வந்திச்சி.

பாத்தேன். ஒரு முழம் கூட வராது ஒடம்பு. செவப்பா, சுருங்கி. மூக்குல டியூப். தலையில ஒரு குல்லா, பெருசு. வாய கோணினு ஒரு கொட்டாவி உட்டுச்சி. வயிறு மேல கீழ, மேல கீழ. வெரலு அஞ்சும் விரிஞ்சி மூடிச்சி. காலைல டியூப்ல பால் குடுத்தோம், கக்கலன்னு சொல்லிச்சி நர்சு.

பாக்கற நேரத்துக்கு மொத ஆளா உள்ள போனேன். கண்டத அப்டியே சொன்னேன். ஒரு ஜோக்கு கூட சேக்கல. கொட்டாவி, குல்லா, வெரலு, பால்.

அமுதா என் மூஞ்சியவே பாக்குறா.

"ஏமாத்தாத நைனா. அம்மா செத்த அன்னிக்கும் இப்டித்தான். ஸ்கூல் வாசல்ல நின்னுகினு, நல்லா கீறா, தூங்கறான்னு சொன்ன."

சொன்னேன். ஆமா.

ஆணையிட்டேன். தலையில அடிச்சி சொன்னேன். ஒண்ணும் ஏறல அவளுக்கு. செவுத்துப் பக்கம் திரும்பிக்கினா. பட்ட கட்டியே கெடக்குது, மிஷின் தானா ஊதுது, 170.

மறுபடி மூணு மாடி. நர்சுக்கு வேல, வர முடியாதுன்னுச்சி. ஒரே ஒரு நிமிசம் கீழ வந்து நீ சொல்லு தாயி, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்னேன். நீங்க அப்பாதானேன்னு கேட்டுச்சி. அதனாலதான் நம்ப மாட்டேங்கறான்னேன். செவுத்துல சாஞ்சினு நின்னேன். டூட்டி முடியற வரைக்கும். நாலு மணிக்கு நர்சு தன் பேக்க மாட்டிகினு வெளிய வந்திச்சி, என்னப் பாத்து ஐய, இன்னும் நிக்கறியா தாத்தான்னு கூடவே எறங்கி வந்திச்சி.

பெட்டு பக்கத்துல நின்னு சொல்லிச்சி. "அமுதாவா? உன் பொண்ணு நல்லா இருக்கா. ஒண்ணு அறநூறு. காலைல டியூப்ல பால் குடுத்தோம், கக்கல. ப்ரஷர் எறங்கினா திங்கக்கெழம வீல்சேர்ல வா, நீயே பால் எடுத்துக் குடு."

அமுதா எந்திரிச்சி குந்த பாத்தா. நர்சு கையப் புடிச்சிகினு அப்டி ஒரு அழுவ. பக்கத்து பெட்டெல்லாம் திரும்பிப் பாக்குது. குல்லா போட்டுக்கீறாளாமேன்னு நர்சுகிட்ட கேக்கறா, கொட்டாவி உட்டாளாமே. ஆமா, குல்லா எங்க வார்டோடதுன்னு நர்சு. நான் சொன்ன அதே பேச்சி. ஒரு வார்த்த ஜாஸ்தி இல்ல. அத்த நம்பறா.

சா. 148/94.

நான் காலு கிட்ட நின்னுகினு இருந்தேன். என் பேச்ச அவ நம்பறதில்ல. நெசத்தக் கூட நம்பறதில்ல. அப்போ அந்த சிமெண்ட்டு பேச்ச மட்டும் எங்க நம்பியிருக்கப் போறா.